அதே தேதி என்றால் அதே நாளா? வரலாற்றுத் தேதிகளை வாசிப்பதற்கு ஓர் அறிமுகம்

1746ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரின் கைக்குப் போயிற்று. கப்பற்படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்ட லாபூர்தொனே அதைப் பணிய வைத்தார். இது எந்தத் தேதியில் நடந்தது என்று ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் தேடினால் செப்டம்பர் 10 என்றிருக்கும். பிரெஞ்சுத் தரப்பின் பதிவுகளில் தேடினால் செப்டம்பர் 21 என்றிருக்கும். அதற்கு மூன்று வாரம் கழித்து, சென்னைத் துறையில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைக் கடும்புயல் ஒன்று நள்ளிரவில் தாக்கியது. கப்பல்கள் சில மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் புயலுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. ஆங்கிலேயர் கணக்கில் அது அக்டோபர் 2ஆம் தேதி இரவு. பிரெஞ்சுக்காரர் கணக்கில் அக்டோபர் 13ஆம் தேதி இரவு. விவரம் அறியாமல் இரு தரப்புப் பதிவுகளையும் ஒரே பட்டியலில் சேர்ப்பவர், அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையை இரண்டு புயல்கள் தாக்கியதாக எழுதிவிடக்கூடும்.

இதில் எவரும் பிழை செய்யவில்லை. இரு தரப்பினரும் அன்றன்றைக்கே எழுதிவைத்தவர்கள்தான். அவர்கள் கண்டது ஒரே நாள். அந்த நாளுக்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயர்தான் வேறு. ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் நாள்தோறும் வரும் குறிப்புகளை விரும்பிப் படிப்பவர்களும், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அத்தகைய குறிப்புகளைத் தொகுப்பவர்களும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே. நாள் என்பது உண்மையில் கழிந்துபோன ஒரு பகலும் இரவும். தேதி என்பது ஒரு நாட்காட்டி அதற்குக் கொடுத்த எண். சென்னையின் பழைய தெருக்களில் ஒரே வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதை நாம் அறிவோம். எண்கள் இரண்டானாலும் வீடு ஒன்றுதான். அதுபோலவே, அடுத்த தெருவில் அதே எண்ணைத் தாங்கி நிற்கும் வீடு வேறொரு வீடு. வரலாற்றறிஞர்களும் இந்த இரு கணக்குகளைப் பழைய முறை, புதிய முறை என்றே வழங்குகிறார்கள்.

பழைய முறை என்பது ஜூலியஸ் சீசரின் பெயரால் அமைந்த ஜூலியன் நாட்காட்டி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாளைக் கூட்டுவதால், அதன்படி ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365.25 நாள். ஆனால் பருவங்கள் ஒருமுறை சுற்றி வருவதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 365.2422 நாள்தான். வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம். ஒரு மனிதரின் வாழ்நாளில் இதை உணரவே முடியாது; ஆனால் ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். கி.பி. 325இல் நிகேயா நகரில் கூடிய திருச்சபை மாநாட்டின் காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டி வந்த சம இரவு நாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11ஐ ஒட்டி வரலாயிற்று. ஈஸ்டர் திருநாள் அந்தச் சம இரவு நாளைக் கொண்டே கணிக்கப்படுவதால், திருச்சபைக்கு இது பெருங்கவலையாயிற்று.

இதைச் சரிசெய்ய, 1582ஆம் ஆண்டு போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி அவ்வாண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை என்று எண்ணப்பட்டது. தேதிகளில் பத்து விடுபட்டனவே தவிர, நாள்களில் ஒன்றும் விடுபடவில்லை. வியாழனுக்கு அடுத்து வழக்கம்போல் வெள்ளியே வந்தது. இனிமேலும் பிழை திரளாதிருக்க, நூற்றாண்டு நிறைவு ஆண்டுகளில் 400ஆல் மீதியின்றி வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. அதனால் 1600உம் 2000உம் லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 ஆகியவை அல்ல. இன்று நம் சுவரில் தொங்குவது இந்தக் கிரிகோரியன் நாட்காட்டிதான்.

போப்பின் ஆணையை எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் ஏற்றிருந்தால் வரலாற்றுத் தேதிகளில் சிக்கல் குறைவாகவே இருந்திருக்கும். ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியப் பகுதிகள் ஆகியவை உடனே மாறின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த நாடுகள் போப்பின் கணக்கை ஏற்கத் தயங்கின. டென்மார்க் 1700இல்தான் மாறியது. பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் 1752 வரை காத்திருந்தன; அவ்வாண்டு செப்டம்பர் 2, புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழன் ஆயிற்று. ரஷ்யா 1918இல், புரட்சிக்குப் பிறகு மாறியது. கிரேக்க நாடு 1923இல் மாறியது.

நம் சோழமண்டலக் கடற்கரைக்கு இந்தக் காலவரிசை மிக நெருக்கமான செய்தி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் டேனியர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், சென்னையில் ஆங்கிலேயர்கள் என்று நான்கு நாட்டாரின் குடியிருப்புகள் இருந்தன. டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் புதிய முறையில் தேதியிட்டார்கள். டேனியரும் ஆங்கிலேயரும் பழைய முறையில் தேதியிட்டார்கள். 1700க்குப் பிறகு டேனியரும் புதிய முறைக்கு வந்துவிட, ஆங்கிலேயர் மட்டும் இன்னும் அரை நூற்றாண்டு தனித்து நின்றார்கள். ஆகவே இந்தக் கரையின் வரலாற்றை எழுதுபவர், கையிலுள்ள கடிதம் எந்தக் கோட்டையில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்காமல் அதன் தேதியை எடுத்தாளக் கூடாது.

மாற்றிக்கொள்ளும் கணக்கு எளியது. பழைய முறைத் தேதியோடு, 1582 முதல் 1700 பிப்ரவரி முடிய 10 நாளையும், அதன்பின் 1800 பிப்ரவரி முடிய 11 நாளையும், 1900 பிப்ரவரி முடிய 12 நாளையும், அதற்குப் பின் 13 நாளையும் கூட்ட வேண்டும். வேறுபாடு இவ்வாறு வளர்ந்துகொண்டே போவதற்குக் காரணம், 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளில் பழைய நாட்காட்டி பிப்ரவரி 29ஐக் கொண்டிருந்தது, புதியது கொண்டிருக்கவில்லை என்பதே. கோட்டை வீழ்ந்த செப்டம்பர் 10உடன் 11ஐக் கூட்டினால் 21 வருகிறது. புயலின் அக்டோபர் 2உடன் 11ஐக் கூட்டினால் 13 வருகிறது. கணக்கு சரிதானா என்று பார்க்கக் கிழமை உதவும். 1746ஆம் ஆண்டின் பழைய முறைச் செப்டம்பர் 10உம் புதன். புதிய முறைச் செப்டம்பர் 21உம் புதன். நாட்காட்டி மாற்றங்கள் எவையும் கிழமை வரிசையைத் தொடவில்லை என்பதால், ஐயம் எழும் இடங்களிலெல்லாம் கிழமையே நம்பத் தகுந்த சாட்சி. பழைய ஆவணத்தில் கிழமை குறிக்கப்பட்டிருந்தால், அதை எடுத்தெழுதும்போது ஒருபோதும் விட்டுவிடலாகாது என்று வற்புறுத்தத் தோன்றுகிறது.

சென்னை நாள் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 22ஐயும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம். 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்த தேதியாக அது கொள்ளப்படுகிறது. அந்தத் தேதி ஜூலை 22ஆ, ஆகஸ்ட் 22ஆ என்பதிலேயே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகஸ்ட் 22 என்றே கொண்டாலும், அது ஆங்கிலேயர் பழைய முறையில் எழுதிய தேதி. இன்றைய நாட்காட்டியில் அந்த நாள் செப்டம்பர் 1. இதனால் விழாவைச் செப்டம்பருக்கு மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விழா என்பது மக்கள் கூடி ஏற்றுக்கொண்ட ஒரு நினைவு. அதற்கு ஆவணத்தில் உள்ள தேதியே போதும். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிடும்போதும், இடையில் எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணும்போதும் மாற்றிக் கணக்கிடாமல் இருப்பது பிழையாகும்.

இந்தப் பிழைக்குப் புகழ்பெற்ற சான்று ஏப்ரல் 23. யுனெஸ்கோ 1995இல் உலகப் புத்தக நாளாக அறிவித்த தேதி அது. ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23ஆம் தேதி ஒரே நாளில் மறைந்தார்கள் என்று ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. தேதி ஒன்றுதான்; நாள் ஒன்றல்ல. ஸ்பெயின் அப்போது புதிய முறையில் இருந்தது, இங்கிலாந்து பழைய முறையில் இருந்தது. ஷேக்ஸ்பியர் மறைந்த நாள் ஸ்பெயினின் கணக்கில் மே 3 ஆகும். செர்வாண்டிஸ் அதற்குப் பத்து நாள் முன்பே அடக்கம் செய்யப்பட்டுவிட்டார். கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற அழகான கூற்றும் இவ்வகையே. கலிலியோ மறைந்தது புதிய முறையில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய முறையில் 1642 டிசம்பர் 25. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூட்டனின் பிறந்த நாள் 1643 ஜனவரி 4 ஆகிறது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7இல் நினைவுகூரப்படுவதற்கும் காரணம் இதுவே. அங்கே வழக்கிலிருந்த பழைய முறையில் அது அக்டோபர் 25.

ஆங்கிலேயரின் பழைய ஆவணங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் மார்ச்சின் பெரும்பகுதியும் முந்தைய ஆண்டின் எண்ணையே தாங்கியிருந்தன. மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டது 1649 ஜனவரி 30 என்று நாம் இப்போது எழுதுகிறோம். அக்காலத்து ஆவணத்தில் அது 1648 என்று இருந்தது. இங்கே பிழை நாள்கணக்கில் நில்லாமல் ஓராண்டாகவே பெருகிவிடும்.

நாட்காட்டி ஒன்றாகிவிட்ட பிறகும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஏனென்றால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் விடிவதில்லை. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் சென்ற கலம் நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20ஆம் தேதி பிற்பகல். இந்தியாவில் அப்போது ஜூலை 21 அதிகாலை 1 மணி 47 நிமிடம். ஆம்ஸ்ட்ராங் நிலவில் காலடி வைத்தபோது இங்கே அன்று காலை எட்டரை மணிக்குச் சற்று முன். வாஷிங்டனில் இன்னும் 20ஆம் தேதி இரவே முடியவில்லை. நம் நாளிதழ்களில் 20 என்றும் 21 என்றும் இரு விதமாகவும் வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை.

இதைவிட வியப்பான ஒன்று 1941 டிசம்பரில் நடந்தது. ஜப்பானியர் ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது அங்குள்ள கணக்கில் டிசம்பர் 7 காலை. அவர்கள் மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில். தேதிகளை மட்டும் பார்ப்பவர், முதலில் பேர்ல் துறைமுகம், மறுநாள் மலாயா என்றுதான் முடிவு செய்வார். உண்மையில் கோத்தா பாருத் தாக்குதல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. இரண்டுக்கும் இடையே பன்னாட்டுத் தேதிக்கோடு கிடக்கிறது; அதன் மேற்கே தேதி ஒன்று கூடுதலாக ஓடுகிறது. மலாயாவில் அன்று தோட்டத் தொழிலாளராகவும் பிறராகவும் பெருந்தொகையான தமிழர் வாழ்ந்தனர். அவர்களைப் பசியிலும் பர்மா ரயில் பாதையிலும் வாட்டிய ஆண்டுகள் தொடங்கிய நேரம் அது. எது முந்தியது என்று சரியாகச் சொல்வது அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை என்றே கருதுகிறேன்.

ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் மக்கள் ஒன்றுபட்டதில்லை. ஐரோப்பியக் கணக்கில் நள்ளிரவு. இஸ்லாமியக் கணக்கில் சூரியன் மறையும் பொழுது. நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயம். ஆதலால்தான் பின்னிரவில் பிறந்த குழந்தைக்கு ‘வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி’ என்று நம் பெரியவர்கள் கவனமாகச் சொல்லிவைத்தார்கள். மேலே சொன்ன 1746ஆம் ஆண்டுப் புயல் வீசிய இரவும் வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளிதான். 1947 ஆகஸ்ட் 14ஆம் தேதி இரவும் அவ்வாறே. இந்திய விடுதலைச் சட்டம் இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்குமே ஆகஸ்ட் 15ஆம் நாளையே குறித்தது. 1948 ஜூலையில் பாகிஸ்தான் வெளியிட்ட அஞ்சல் தலைகளிலும் அந்தத் தேதியே அச்சாகியிருந்தது. பின்னர் அந்நாடு 14ஆம் தேதியைத் தன் விடுதலை நாளாகக் கொண்டது.

அடுத்து, நிகழ்ச்சி என்று நாம் எதைக் கொள்கிறோம் என்ற கேள்வி. பெரும்பாலான அரசியல் நிகழ்ச்சிகள் ஒரே நாளில் தொடங்கி முடிபவை அல்ல. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இன்றைய தமிழ்நாட்டின் எல்லைகள் பெருமளவு உருப்பெற்றது 1956 நவம்பர் 1. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பின் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. தமிழ்நாடு நாள் எது என்ற வாதம் ஏன் ஓயவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். 2019இல் நவம்பர் 1 என்று அறிவிக்கப்பட்டது. 2021இல் ஜூலை 18 என்று அறிவிக்கப்பட்டது. மூன்று தேதிகளுமே உண்மையானவை. மண்ணா, மன்றத்தின் விருப்பமா, சட்டத்தின் நடைமுறையா என்பதே தேர்வு. அமெரிக்கரும் இவ்வாறு தேர்ந்துகொண்டவர்களே. அவர்களது காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. அறிக்கையின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதில் கையொப்பமிட்டது ஆகஸ்ட் 2. நிலைத்தது நடுவில் உள்ள தேதி.

நாட்காட்டித் தேதியே இல்லாத காலத்து நிகழ்ச்சிகளை நாளோடு பொருத்துவது இன்னும் நுட்பமான வேலை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து உச்சியில் வைப்பதற்குப் பொன் தகடு வேய்ந்த செப்புக் குடத்தை முதலாம் இராசராசன் கொடுத்த செய்தியைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அது தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் என்கிறது கல்வெட்டு. இதை நம் கணக்குக்குக் கொண்டுவர, அவன் ஆட்சி எந்த நாளில் தொடங்கியது என்று தெரிய வேண்டும். அதை நேரே சொல்லும் கல்வெட்டு இல்லை. ஆனால் வேறு பல கல்வெட்டுகள் ஆட்சியாண்டோடு திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றையும் குறிக்கின்றன. அவை மூன்றும் ஒருங்கே பொருந்தும் நாள்கள் மிகச் சில. வானியல் கணக்கால் அவற்றைக் கண்டறிந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவன் அரியணை ஏறியது கி.பி. 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட காலம் என்று கீல்ஹார்ன் என்ற அறிஞர் வரையறுத்தார். அங்கிருந்து எண்ணினால் 25ஆம் ஆட்சியாண்டு 1009இன் நடுவில் தொடங்குகிறது; அதன் 275ஆம் நாள் 1010 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடையில் விழுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கொடையை ஒரு மாத இடைவெளிக்குள் பிடித்துவிட முடிவதே பெருமைக்குரியது. ஆனால் அந்த இடைவெளியை மறைத்துவிட்டு ஒரே தேதியை உறுதியாக எழுதுவது, கல்வெட்டு சொல்லாததை அதன் வாயில் திணிப்பதாகும்.

அதே மன்னனின் பிறந்த நாளை நாம் கொண்டாடும் முறை, ‘அதே நாள்’ என்பதற்கு நம் மரபில் வேறொரு பொருள் இருப்பதைக் காட்டுகிறது. ஐப்பசி மாதத்துச் சதய நட்சத்திரம் வரும் நாளில் தஞ்சையில் சதய விழா நடக்கிறது. ஆங்கிலத் தேதியில் அது ஆண்டுதோறும் அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே இடம் மாறிக்கொண்டிருக்கும். தேதி திரும்பி வருவதை ஒரு மரபு கொண்டாடுகிறது. நிலவு அதே விண்மீனின் அருகே திரும்பி வருவதை இன்னொரு மரபு கொண்டாடுகிறது.

ஆகவே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பேட்டில் சேர்க்கும்போது, மூலத்தில் உள்ள தேதியை மாற்றாமல் எழுதி, எந்த முறை என்பதையும், தெரிந்தால் கிழமையையும் உடன் எழுதுவது நல்லது. பழைய முறைத் தேதியானால், சென்னை வீட்டு வாசல்களில் இருப்பதுபோல், இரண்டு எண்களையும் சாய்கோட்டால் பிரித்து ‘1746 செப்டம்பர் 10/21, புதன்’ என்று குறிக்கலாம். வரலாற்று நூல்களிலும் இவ்வழக்கம் உண்டு. கோட்டை வீழ்ந்த காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் எழுதிவந்த தம் நாட்குறிப்பில் இவ்வாறே ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தார். தமிழ் ஆண்டையும் மாதத்தையும் தேதியையும் எழுதி, கிழமையையும் சேர்த்து, பிரெஞ்சுக்காரர் வழங்கிய ஐரோப்பியத் தேதியையும் உடன் தந்துவிடுவார். அவர் குறித்த நாள்களை இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மால் ஐயமின்றி அடையாளம் காண முடிகிறது.